மூன்று ஊர், மூன்று கைடு, ஒரே டிரைவர்

வடநாட்டுக்குச் சுற்றுலா போகும் தமிழர்களுக்குப் பழகிப்போன வழி ஒன்று உண்டு. ரயிலில் கோஷ்டியாகக் கிளம்புவார்கள். அங்கே ஒரு பஸ் பிடித்து, கூடவே சமையல்காரரையும் அரிசி பருப்பையும் ஏற்றிக்கொண்டு காசி, அலகாபாத், ஆக்ரா என்று சுற்றி வருவார்கள். செலவு குறைவு, பேச்சுத்துணைக்குப் பஞ்சமில்லை, ராத்திரி ரசம் சாதம் நிச்சயம். ஆனால் தாஜ்மகாலில் ஒன்றரை மணி நேரம் என்றால் ஒன்றரை மணி நேரம்தான். என் அக்கா பெண்கள் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள், ஒரு தூணுக்கு முன்னால் அரைமணி நிற்கிற ஆள். மூட்டுவலி வேறு. அவளைக் கோஷ்டியில் சேர்த்தால் இருபது பேர் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு அவளைத் திட்டுவார்கள். அதனால் டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் மூன்றுக்கும் தனிக் கார் பேசினோம். அக்கா, அத்தான், என் மனைவி, நான், ஒரு இன்னோவா.

‘கைடுடன் கூடிய தனிக் கார்ச் சுற்றுலா’ என்று படித்ததும், ஒரே கைடு முன்சீட்டில் உட்கார்ந்து கடைசி வரை கூட வருவார் என்றுதான் தோன்றும். நடைமுறை அப்படி இல்லை. பயணம் முழுக்கக் கூட வருகிறவர் டிரைவர். கைடு அந்தந்த ஊரில் காலையில் ஏறி மாலையில் இறங்கிப் போகிறவர். உரிமம் பெற்ற கைடு கழுத்தில் அட்டை தொங்கும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை, அவர்களும் கோபித்துக்கொள்வதில்லை. காரைப் பொறுத்தவரை கேட்க வேண்டியவை நம்மூர்க் கேள்விகளேதான். ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டர் கணக்கு, டிரைவர் பேட்டா உள்ளே சேர்ந்ததா, டோலும் பார்க்கிங்கும் மாநில எல்லை வரியும் யார் தலையில்? டெல்லியை விட்டுக் கிளம்பினால் உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், திரும்பும்போது ஹரியானா என்று எல்லைகள் வந்துகொண்டே இருக்கும். வண்டிக்கு மஞ்சள் நம்பர் பிளேட் இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். வெள்ளைப் பிளேட் வண்டியை வாடகைக்கு ஓட்டுகிறவர், எல்லையில் பிடிபட்டால் உங்களைத் தன் மாமா குடும்பம் என்று சொல்லச் சொல்வார்.

எங்கள் டிரைவர் ராஜஸ்தானின் அல்வர் பக்கத்துக்காரர். அத்தானை ‘பாபுஜி’ என்றும் அக்காவை ‘மாதாஜி’ என்றும் கூப்பிட்டார். அக்காவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். “எனக்கும் அவருக்கும் பத்து வயசு வித்தியாசம்கூட இருக்காதுடா” என்றாள்.

டெல்லியில் ஏறிய கைடு ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. செங்கோட்டை, குதுப்மினார், இந்தியா கேட் என்று அச்சடித்த பட்டியல் கையில் இருந்தது. அதைப் பார்க்காமலே, ஆக்ராவில் என்னென்ன பார்க்கப் போகிறோம் என்று கேட்டார். தாஜும் கோட்டையும் என்றோம். “அப்படியானால் இன்று செங்கோட்டை வேண்டாம். இரண்டு கோட்டையும் மனதில் ஒன்றோடொன்று குழம்பிவிடும். காலை முழுவதையும் ஹுமாயூன் கல்லறைக்குக் கொடுங்கள். தாஜ்மகால் அங்கேதான் தொடங்குகிறது” என்றார். அக்கா அந்த நிமிஷமே அவர் பக்கம் சாய்ந்துவிட்டாள்.

ஹுமாயூன் கல்லறை 1572 வாக்கில் முடிந்தது. கட்டுவித்தவர் அவருடைய மனைவி ஹாஜி பேகம். வரைந்தவர் மீரக் மிர்ஸா கியாஸ் என்ற பாரசீகக் கலைஞர். கைடு எங்களை உள்ளே கூட்டிப்போகாமல் தோட்டத்திலேயே நிறுத்தி, மூன்றை மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளச் சொன்னார். முதலாவது, நாலாகப் பகுத்த தோட்டமும் நடுவில் ஓடும் நீர்வாய்க்கால்களும். இரண்டாவது, வெளியே ஒன்று உள்ளே ஒன்றாக இருக்கும் இரட்டைக் குவிமாடம். வெளிக்கூடு தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு, உட்கூடு உள்ளே நிற்கிறவனுக்கு. மூன்றாவது நிறம். உடம்பெல்லாம் சிவப்பு மணற்கல், குவிமாடம் மட்டும் வெள்ளைப் பளிங்கு. “ஆக்ரா போய்ச் சேருவதற்குள் அந்த வெள்ளை மேலிருந்து இறங்கி முழுக் கட்டடத்தையும் மூடிவிடும்” என்றார். 1857 கலகம் தோற்றபின் கடைசி முகலாயர் பகதூர் ஷா சஃபர் வந்து ஒளிந்து பிடிபட்டதும் இந்த வளாகத்தில்தான். அதை மட்டும் வெளியே வரும்போது, காரில் ஏறும் முன் சொன்னார். வம்சத்தின் தொடக்கத்துக் கட்டடத்தை முழுக்கப் பார்த்து முடித்தபின் அதன் முடிவைச் சொல்லலாம் என்று வைத்திருந்தார் போலும்.

நல்ல கைடு என்றால் நிறையக் கதை சொல்கிறவர் என்றே அதுவரை எண்ணியிருந்தேன். எதை முதலில் காட்டுவது, எதை விட்டுவிடுவது என்று தெரிந்தவரே நல்ல கைடு என்பது அந்த அம்மாளிடம் விளங்கியது. தனிக் காருக்கு நாம் கொடுக்கும் கூடுதல் பணம் இதற்குத்தான் பயன்பட வேண்டும். வரிசையை மாற்ற முடியாது என்றால், ஏசி போட்ட பஸ்ஸில் நாலு பேராகப் போகிறோம் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை.

மாலையில் குதுப்மினார். 72.5 மீட்டர் உயரம். குத்புதீன் ஐபக் தொடங்கி இல்துத்மிஷ் தொடர்ந்தது. கூட்டம் எல்லாம் கோபுரத்தை அண்ணாந்து பார்க்க, அக்கா அந்த முற்றத்தில் நிற்கும் குப்தர் காலத்து இரும்புத் தூணை வேலிக்கு வெளியிலிருந்து சுற்றிச் சுற்றி வந்தாள். ஏழு மீட்டர் உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை, ஆயிரத்து அறுநூறு வருஷமாக வெயிலிலும் மழையிலும் நின்றும் துருவேறி அரிக்கவில்லை. இரும்பில் இருக்கும் பாஸ்பரஸ் மேலே ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கியிருக்கிறது என்பது உலோகவியலாளர் விளக்கம். அவள் பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் பாடமாக நடத்திய தூண்.

டெல்லியிலிருந்து ஆக்ரா சுமார் 230 கிலோமீட்டர். பெரும்பகுதி யமுனா எக்ஸ்பிரஸ் சாலை. கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ரா வரை 165 கிலோமீட்டர், 2012இல் திறந்தது, வழவழவென்ற சிமெண்ட் ரோடு. அந்த வழவழப்பே ஆபத்து என்றார் டிரைவர். கோடையில் கான்கிரீட் சூட்டில் டயர் வெடிக்கும். குளிர்காலத்தில் மூடுபனியில் முன்னால் போகும் லாரி தெரியாது, ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் மோதும். நாங்கள் போனது ஜனவரியில். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பலாமே என்று அத்தான் சொன்னதற்கு அவர் மறுத்துவிட்டார். “பாபுஜி, ஒன்பது மணிக்குக் கிளம்பினால் ஒரு மணிக்குப் போய்ச் சேரலாம். ஐந்து மணிக்குக் கிளம்பினால் எப்போது போவோம் என்று சொல்ல முடியாது.” டிரைவர் சொல்லும் நேரத்தை மட்டும் மாற்ற முயலக் கூடாது.

ஆக்ராவில் டெல்லி அம்மாள் சொல்லி அனுப்பிய வரிசையையே பிடித்தோம். மதியம் நேராக யமுனையின் கிழக்குக் கரைக்குப் போய் இதிமாத்-உத்-தௌலா கல்லறை. நூர்ஜஹான் தன் அப்பா மிர்ஸா கியாஸ் பேக்குக்காக 1622 முதல் 1628 வரை கட்டியது. இந்தக் கியாஸ் பேக்தான் மும்தாஜின் தாத்தா. சின்னக் கட்டடம், ஆனால் உச்சி முதல் அடி வரை வெள்ளைப் பளிங்கு. அதில் வண்ணக்கல் பதித்து ஜாடி, சைப்ரஸ் மரம், மதுக்கிண்ணம் எல்லாம் இழைத்திருக்கிறார்கள். டெல்லியில் தலையில் மட்டும் இருந்த வெள்ளை இங்கே முழுக்க இறங்கிவிட்டது. உள்ளே எங்களையும் ஒரு வெளிநாட்டுத் தம்பதியையும் தவிர ஆள் இல்லை. என்னைக் கேட்டால் ஆக்ராவில் நிம்மதியாகப் பார்க்கக் கிடைப்பது இதுதான்.

அங்கிருந்து மெஹ்தாப் பாக். தாஜுக்கு நேர் எதிரே ஆற்றின் மறுகரைத் தோட்டம். சூரியன் இறங்கும் நேரம் தாஜின் முதுகுப்புறம் தெரிகிறது. ஆக்ரா கைடு இங்கே சேர்ந்துகொண்டார். நல்ல குரல், எதையும் கண்ணெதிரே நடந்ததுபோல் சொல்லும் வித்தை. ஷாஜஹான் தனக்காக இந்தக் கரையில் கறுப்புத் தாஜ் ஒன்று கட்டத் தொடங்கினார், மகன் சிறைவைத்ததால் நின்றது என்று தொடங்கினார். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “1990களில் இங்கே தோண்டிப் பார்த்தார்களே, பெரிய எண்கோணக் குளம்தானே கிடைத்தது? நிலா வெளிச்சத்தில் தாஜின் நிழல் விழ வைத்த குளம் என்றல்லவா படித்தேன்?” என்றாள். மனிதர் சற்றும் அசரவில்லை. சிரித்துக்கொண்டே, “மேடம், குளம் என்று சொன்னால் பத்து பேரில் ஒருவர்தான் டிப்ஸ் தருகிறார். கறுப்புத் தாஜ் என்றால் பத்து பேரும் தருகிறார்கள்” என்றார். அதன்பிறகு இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். எது கதை, எது வரலாறு என்று அவரே தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல ஆரம்பித்தார். தொழிலாளர் கைகளை வெட்டிய கதைக்கு ஆதாரம் கிடையாது என்பதையும் அவரே சொன்னார். கேட்கிறவர் கொஞ்சம் தயார் செய்துகொண்டு போனால் கைடின் தரமும் உயர்கிறது.

மறுநாள் கதவு திறக்கும் நேரத்துக்கே தாஜ். வெள்ளிக்கிழமை பார்வையாளருக்கு அனுமதி இல்லை, அதைப் பார்த்துத்தான் தேதி போட்டிருந்தோம். பெட்ரோல், டீசல் வண்டிகளை அருகில் விடுவதில்லை. கார் தள்ளி நின்றுவிடும், பேட்டரி வண்டியில் வாசலுக்கு. மும்தாஜ் 1631இல் பதினான்காவது பிரசவத்தில் புர்ஹான்பூரில் இறந்தார். மறு வருஷம் வேலை தொடங்கியது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். கைடு காட்டித்தான் தெரிந்தவை வேறு. வாசல் வளைவைச் சுற்றிய குர்ஆன் எழுத்துகள் கீழே சிறிதாகவும் மேலே போகப் போகப் பெரிதாகவும் இருக்கின்றன. அதனால்தான் கீழே நிற்கிறவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே அளவாகத் தெரிகிறது. எழுதிய அமானத் கான் தன் பெயரையும் பொறித்திருக்கிறார். மேடையின் நாலு மூலை மினார்களும் வெளிப்பக்கம் இம்மி சாய்ந்தவை. பூகம்பத்தில் விழுந்தால் கல்லறை மேல் விழாமல் வெளியே விழட்டும் என்பதற்காக என்கிறார்கள். உள்ளே எல்லாம் இரு பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒத்திருக்க, பிற்பாடு கொண்டுவந்து வைத்த ஷாஜஹான் சமாதி ஒன்றுதான் நடுவிலிருந்து விலகி நிற்கிறது. அக்கா சிகப்பு அகேட் கல் பதித்த பூ ஒன்றின் முன் நின்றாள். நாங்கள் யாரும் மணி பார்க்கவில்லை. இந்த ஒரு காட்சிக்காகவே கார் வாடகை முழுவதையும் கொடுக்கலாம்.

வெளியே வந்ததும் எம்போரியம். இந்தப் பயணத்தில் தப்ப முடியாத நிறுத்தம் அது. “வாங்க வேண்டாம், பார்த்தால் போதும்” என்று கார் தானாக ஒரு வாசலில் போய் நிற்கும். கதவைத் திறந்துவிட்டு டீ கொடுத்து, பளிங்கில் கல் பதிக்கும் பர்ச்சின்காரியை ஒருவர் கைச்சக்கரத்தில் செய்துகாட்டுவார். வேலை அசல். விற்பனைக்கு உள்ளே வைத்திருப்பதெல்லாம் அசல் என்று சொல்வதற்கில்லை. பளிங்கு என்று எடுத்துக் காட்டிய ஒரு பெட்டியை அக்கா நகத்தால் கீறிப் பார்த்தாள். கோடு விழுந்தது. “இது நம்ம மாக்கல்லுடா. அம்மா கல்சட்டியில வத்தக்குழம்பு வைப்பாளே, அந்தக் கல்லு” என்றாள். மக்ரானா பளிங்கில் நகம் ஏறாது, பின்னால் டார்ச் அடித்தால் வெளிச்சம் கசியும். ஏமாற்று என்று கூச்சல் போட இதில் ஒன்றுமில்லை, மாக்கல் பெட்டியை மாக்கல் விலைக்கு வாங்கினால் சரிதான்.

காரில் ஏறியபின் டிரைவரிடம் நேராகவே கேட்டேன். வாங்கினால் விலையில் ஒரு பங்கு, வாங்காவிட்டாலும் ஆளைக் கூட்டி வந்ததற்குக் கொஞ்சம் கிடைக்கும் என்று மறைக்காமல் சொன்னார். சம்பளம் குறைவு, இதில்தான் சரிக்கட்டுகிறது. அத்தான் ஒரு ஏற்பாடு செய்தார். “இனி எந்தக் கடையிலும் நிறுத்த வேண்டாம். கடைசியில் சேர்த்துத் தந்துவிடுகிறேன்.” தொகையை அங்கேயே பேசிவிட்டார்கள். ஜெய்ப்பூரிலும் ரத்தினக்கல் கடை, கம்பளக் கடை என்று வரிசை கட்டி நிற்கும். ஒன்றிலும் நாங்கள் ஏறவில்லை. இந்தப் பேச்சை முதல் நாள் காலையிலேயே பேசிவிடுவது உத்தமம். கிளம்பும் முன் ஆக்ரா பேட்டா என்ற இனிப்பு ஒரு பெட்டி வாங்கினோம். வெண்பூசணியைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துப் பாகில் போட்டது. நம் காசி அல்வாவுக்கும் அதே காய்தான். அத்தானுக்கு நம்முடையதுதான் உசத்தி.

ஆக்ராவுக்கும் ஜெய்ப்பூருக்கும் இடையே 240 கிலோமீட்டர். ரயிலில் போகிறவர்கள் இதைத் தூங்கித் தாண்டிவிடுகிறார்கள். கார் வைத்திருப்பதன் உண்மையான லாபம் இந்த நடுவழியில்தான்.

முதலில் ஃபதேபூர் சிக்ரி. சூஃபி சலீம் சிஷ்தியின் ஆசியால் 1569இல் மகன் பிறந்தான் என்று அக்பர் அவர் வாழ்ந்த பாறை மேட்டில் 1571 முதல் ஒரு தலைநகரையே எழுப்பினார். அந்த மகன் சலீம், பிற்கால ஜஹாங்கீர். 1585இல் அக்பர் கிளம்பிப் போனார், ஊர் அப்படியே நின்றுவிட்டது. தண்ணீர் வற்றியதால் என்பது பலகாலக் கதை. அந்த வருஷம் காபூலை ஆண்ட அக்பரின் தம்பி இறந்தான், வடமேற்கில் உஸ்பெக்குகள் நெருக்கினார்கள், அரசர் லாகூர்ப் பக்கம் நகர்ந்தார் என்பதே பெரிய காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். கார் நிறுத்துமிடத்தில் அட்டை இல்லாத ‘கைடு’கள் மொய்ப்பார்கள். வடக்கே இவர்களுக்கு ‘லப்கா’ என்று பெயர். தர்காவில் போர்த்தத் துணி வாங்கியே தீர வேண்டும் என்று விரட்டுவார்கள். டிரைவர் இறங்கி நின்று இரண்டு வார்த்தை சொன்னதும் கலைந்தார்கள். இங்கே ஆக்ரா கைடையே கூட்டிப்போயிருந்தோம், அது நல்லதாகப் போயிற்று. திவான்-இ-காஸில் ஒற்றைத் தூண், அதன் தலையில் கொத்துக் கொத்தாக விரிந்த தாங்குகற்கள், அதன் மேல் நாலு மூலைக்கும் ஓடும் பாலங்கள். மரத்தில் செய்ய வேண்டிய தச்சு வேலையைக் கல்லில் செய்திருக்கிறார்கள். 54 மீட்டர் உயர வாசலான புலந்த் தர்வாஸாவின் படிகளில் அக்கா ஏறவில்லை, முற்றத்தின் உள்பக்கத்திலிருந்து பார்த்தாள். மூட்டுவலிக்காரர்கள் அதையே செய்யலாம்.

நெடுஞ்சாலையை விட்டு விலகி ஒரு கிராமத்துச் சாலையில் போனால் ஆபானேரி. சாந்த் பாவ்ரி என்ற படிக்கிணறு. ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு வருஷப் பழமை. பதின்மூன்று அடுக்கு, சுமார் 3,500 படிகள். நம் கோயில் குளத்துப் படிகள் அகலமாக நீளும், கூட்டமாக இறங்கலாம். இங்கே ஒவ்வொன்றும் ஒரு ஆள் கால் வைக்கும் அகலம்தான். இரண்டு பக்கமும் ஏறி மேலே கூடும் சின்னச் சின்ன படிவரிசைகள் மூன்று சுவரையும் நிறைத்து, தலைகீழ்க் கோபுரமாகக் குறுகிக்கொண்டே போகின்றன. நாலாவது பக்கம் தூண் மண்டபங்கள். மழை இல்லாத நாட்டில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு இறங்கினாலும் குடத்தோடு அங்கே போய்ச் சேர ஒரு படி இருக்க வேண்டும் என்ற கணக்கு. இப்போது கம்பி கட்டி இறங்க விடாமல் தடுத்திருக்கிறார்கள். பஸ் சுற்றுலாக்கள் பெரும்பாலும் இங்கே வருவதில்லை. அக்கா கீழே எட்டிப் பார்த்துவிட்டு, “பொம்பளைங்க எத்தனை பேரு இடுப்பு ஒடிஞ்சிருக்கும்” என்று மட்டும் சொன்னாள்.

ஜெய்ப்பூரைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதியிருக்கிறார்கள். 1727இல் சவாய் ஜெய் சிங் கட்டிய கட்டம் போட்ட நகரம், 1876இல் வேல்ஸ் இளவரசர் வருகைக்காகப் பூசிய இளஞ்சிவப்பு, 953 சன்னல் ஹவா மஹால். ஹவா மஹாலுக்கு எதிர்த்தெருவில் நின்று பார்த்தால் போதும். ஆம்பேர் கோட்டைக்குக் காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள். சிட்டி பேலஸில் 1902இல் லண்டன் முடிசூட்டு விழாவுக்குப் போன மகாராஜா கங்கை நீர் கொண்டுபோன வெள்ளிக் குடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 345 கிலோ. அத்தான் அவற்றை விட்டு நகர மறுத்தார்.

ஆனால் ஜெய்ப்பூரில் கைடு இல்லாமல் நுழையவே கூடாத இடம், ஜெய் சிங் கட்டிய வானியல் ஆய்வகமான ஜந்தர் மந்தர். அவர் இல்லாவிட்டால் அது குழந்தைகள் சறுக்குமரப் பூங்கா மாதிரிதான் தெரியும். ஜெய்ப்பூர் கைடு இளைஞர், கதையே சொல்லவில்லை. சாம்ராட் யந்திரம் என்ற 27 மீட்டர் உயரச் சூரியக் கடிகாரத்தின் நிழல் விழும் பளிங்கு வளைவுக்குக் கூட்டிப்போய், “உங்கள் கடிகாரத்தைப் பாருங்கள், பிறகு நிழலைப் பாருங்கள்” என்றார். நிழல் கண்ணுக்கு முன்னால் நகர்ந்தது, நொடிக்கு ஒரு மில்லிமீட்டர். கல்லில் இருந்த நேரம் என் கடிகாரத்துக்கு அரைமணிக்கு மேல் பின்தங்கியிருந்தது. தவறு யந்திரத்தில் இல்லை. இந்திய நேரம் கிழக்கே 82.5 பாகை தீர்க்கரேகைக்கானது. ஜெய்ப்பூர் அதற்கு ஏழு பாகைக்குக் கொஞ்சம் குறைவாக மேற்கே இருக்கிறது, ஒரு பாகைக்கு நாலு நிமிஷம். மீதி, சூரியன் வருஷம் முழுக்க ஒரே வேகத்தில் நகர்வதாகத் தெரியாததால் வரும் ஜனவரி மாதத் திருத்தம். அவர் கூட்டிக் கழித்துக் காட்டியபோது கணக்கு சரியாக வந்தது. பித்தளைக் கருவிகள் சிறியவை, தேய்மானத்தில் தவறும், ஆகவே கல்லில் பெரிதாகக் கட்டுவோம் என்று ஜெய் சிங் முடிவு செய்தார் என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னார். இங்கேயும் வரிசைதான். வெயில் இருக்கும் நேரத்தில் போக வேண்டும். மேகமூட்ட நாளென்றால் காரைத் திருப்பி வேறெங்காவது போய்விட்டு வாருங்கள்.

திரும்பும்போது தௌசாவுக்குப் போய் டெல்லி–மும்பை எக்ஸ்பிரஸ் சாலையில் ஏறினோம். 2023 பிப்ரவரியில் திறந்த பகுதி. சாலை காலியாக, நேராக, தூக்கம் வரும்படி கிடக்கிறது. டிரைவர் கேட்காமலே இரண்டு தடவை நிறுத்தி டீ குடித்தார். நாங்களும் இறங்கிக் குடித்தோம்.

ஒன்று சொல்ல வேண்டும். ஜெய்ப்பூர் ஓட்டலில் டிரைவர்களுக்கென்று பின்கட்டில் படுக்கையும் குளியலறையும் இருந்தன. ஆக்ராவில் நாங்கள் தங்கிய இடத்தில் இல்லை. அந்த ஜனவரிக் குளிரில் அவர் காருக்குள் சீட்டைச் சாய்த்துப் போட்டுத் தூங்கியது காலையில்தான் தெரிந்தது. மறுநாள் அவர்தான் எங்களை வைத்து 240 கிலோமீட்டர் ஓட்டினார். பேட்டாவில் அறை வாடகை கட்டுப்படியாகாது, கட்டுப்பட்டாலும் அந்தக் காசை வீட்டுக்கு மிச்சம் பிடிக்கத்தான் பார்ப்பார்கள். நீங்கள் இந்தப் பயணம் போவதென்றால், ஓட்டல் பதிவு செய்யும்போது காலைச் சாப்பாடு உண்டா என்று கேட்பதற்கு முன்னால் டிரைவருக்குப் படுக்க இடம் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு ஓட்டல் பாருங்கள். ஆக்ராவில் ஓட்டலுக்குப் பஞ்சமில்லை.